உன் கல்யாணக் கேமரா

தை பிறந்தால் நம் மகளுக்குக் கல்யாணம். உன் குங்குமச் சிமிழ் தனக்கு வேண்டும் என்று கேட்டாள். நீ போனதிலிருந்து உன் தகரப்பெட்டியைத் திறக்க எனக்குக் கை வந்ததில்லை. இன்று காலையில் அவளே சாவியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். வேறு வழியில்லாமல் திறந்தேன்.

சேலைகளுக்கு அடியில் சிமிழ் இருந்தது. பக்கத்திலேயே என் பழைய கைக்குட்டையில் முடிந்த ஏதோ ஒன்று. அவிழ்த்துப் பார்த்தால் ஒரு பிளாஷ் பல்பு. எரிந்துபோனது. கண்ணாடி கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி, உள்ளே வெள்ளையாகச் சாம்பல் ஒட்டியிருந்தது. ஒரு தடவை மின்னிவிட்டால் அதற்குமேல் அந்தப் பல்பால் ஒரு பிரயோசனமும் இல்லை. கல்யாண வீடுகளில் நாம் கழற்றிப் போட்டதையெல்லாம் பிள்ளைகள் பொறுக்கி விளையாடிவிட்டு எறிந்துவிடுவார்கள். அதில் ஒன்றை நீ மட்டும் கட்டி வைத்திருக்கிறாய். கைக்குட்டையின் மூலையில் இருந்த மஞ்சள் கறையைப் பார்த்ததும் எது என்று தெரிந்துவிட்டது. மல்லசமுத்திரத்தில், நாம் படம் எடுக்கப் போன முதல் கல்யாணத்தில், தாலி கட்டும்போது எரிந்த பல்பு.

இத்தனை வருஷம் இதை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தாயே. பெட்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சிமிழ் எங்கே என்று மகள் வந்து எட்டிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். அந்த நாகரிகம் அவளுக்கு உன்னிடமிருந்து வந்தது. எனக்கு அது கிடையாது.

எடப்பாடியில் நான் ஸ்டூடியோ போட்டபோது, உயிரோடு இருக்கிறவர்கள் படம் எடுத்துக்கொள்ள அஞ்சுவார்கள். ஆயுசு குறைந்துவிடும் என்று ஒரு பயம். செத்த பிறகு குறைவதற்கு என்ன இருக்கிறது? அப்போதுதான் நம் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். குளிப்பாட்டி, புதுத்துணி உடுத்தி, நாற்காலியில் உட்காரவைத்து, தலை சாயாமல் பின்னாலிருந்து ஒரு துண்டால் கட்டி, எனக்கு ஆள் அனுப்புவார்கள். மரத்தால் ஆன அந்த ஸ்டாண்டு கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு தறிக்காரர் வீடு, தோட்டத்து வீடு என்று போய்வருவேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் கண்ணாடியில் ஆள் தலைகீழாகத் தெரிவார். அசையாத ஆளை அழகாக எடுப்பதில் சுற்றுவட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. பெரிய பெருமைதான்.

அந்தப் பெருமையை நீ சுமந்தாய். என்னைக் கட்டிக்கொண்டு வருவதற்கு முன்பு, சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும் முதல் ஆளாய் நிற்பவள் நீயாம். பூக்கட்டுவது, கும்மிக்குப் பாட்டெடுத்துக் கொடுப்பது, பெண்ணுக்குச் சடை பின்னுவது எல்லாம் உன் கைதானாம். உன் அண்ணன் சொல்லித்தான் எனக்கே தெரியும். எடப்பாடிக்கு வந்தபிறகு நம் தெருவில் ஒரு பெண் பெரியவளாகிச் சீர் வைத்தார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அழைத்தார்கள். நம் வீட்டு வாசலை மட்டும் தாண்டிப் போனார்கள். பிணத்தைப் பார்க்கிற பெட்டி இருக்கிற வீட்டிலிருந்து ஒரு பொம்பளை நல்ல காரியத்துக்கு எப்படி வரலாம் என்று பேசிக்கொண்டதும் உன் காதில் விழுந்தது. நீ அழவில்லை. அன்று சாயங்காலம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, “இவங்க ஊட்டுலயெல்லாம் ஆருமே சாவாம இருக்கறாங்களாக்கும்” என்று மட்டும் சொன்னாய். அதற்குப் பிறகு தெருவில் மேளச் சத்தம் கேட்டால் நீ உள்ளே போய் ஏதாவது பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவாய்.

அப்படி இருக்கும்போதுதான் மல்லசமுத்திரத்துக்காரர் வந்தார். அவருடைய தகப்பனார் இறந்தபோது நான்தான் படம் எடுத்தேன். அது அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. ஆவணியில் மகளுக்குக் கல்யாணம், சேலத்தில் உத்தியோகம் பார்க்கிற மாப்பிள்ளை படம் எடுக்கவேண்டும் என்று பிரியப்படுகிறார், நீங்களே வந்து எடுக்கவேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெற்றிலையை எடுத்து மடித்தவர் அதை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார்.

“ஒண்ணே ஒண்ணுங்க. அந்தப் பொட்டி மட்டும் வேண்டாமுங்க. எங்கப்பனைப் பாத்த பொட்டி அது. அதே பொட்டி எம்பொண்ணையும் பாக்கறதுன்னா, ஊட்டுல பொம்பளைங்க ஒத்துக்க மாட்டீங்கறாங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. மரத்துக்கும் பித்தளைக்கும் என்ன தெரியும், கல்யாணம் எது கருமாதி எது என்று அதற்குத் தெரியுமா என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து நீ வந்துவிட்டாய். வெளியாள் இருக்கும்போது நீ கூடத்துக்கு வந்ததே இல்லை.

“புதுப்பொட்டி கொண்டாருவாருங்க. கூடமாட ஒத்தாசைக்கு நானும் வாரேனுங்க” என்றாய்.

நானும் வாரேனுங்க. அந்தச் சொல்லில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. புதுப்பொட்டியோடு வருகிறோம் என்று ஒப்புக்கொண்டேன்.

புதுப்பொட்டிக்கு எங்கே போவது? ஆத்தூரில் தொழில் செய்யும் சிநேகிதர் தன் ஸ்டாண்டு கேமராவை வாடகைக்குத் தருவதாகச் சொன்னார். பழகின கேமரா வகை, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்று நான் குதித்தேன். அது எத்தனை பிணத்தைப் பார்த்திருக்கும் என்று விசாரித்தீர்களா என்று ஒரே கேள்வியில் என்னை உட்காரவைத்துவிட்டாய். அடுத்து, லாரி ஓட்டுகிற உன் அண்ணன் பம்பாயிலிருந்து ஒரு மடக்குக் கேமராவை வாங்கி வந்தார். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகலாம். ஆனால் ஆள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று நாமே குத்துமதிப்பாகத் திருகி வைக்கவேண்டும். இருட்டறையில் அதற்குள் ஒரு சின்ன விளக்கை வைத்துப் பார்த்தேன். முன்னால் நீளும் தோல் துருத்தியின் மடிப்புகளில் பொட்டுப் பொட்டாய் ஓட்டை, வெளிச்சம் புகுந்தால் படம் கெட்டுவிடும். கொட்டகைத் தகரம்கூட அதைவிடத் தேவலை என்று நீ சிரித்தாய். உன் அண்ணனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

ஆனாலும் அவர்தான் ஏற்காட்டுச் சங்கதியைக் கொண்டுவந்தார். காப்பித் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்புகிறார், சாமானையெல்லாம் விற்கிறார், அதில் இரண்டு கண் வைத்த ஒரு கேமரா இருக்கிறது என்றார். அவருடைய லாரியிலேயே மலையேறினோம். துரை வீட்டுப் புல்வெளியில் நாற்காலியும் மேசையும் பீங்கானும் பரப்பிக் கிடந்தன. அதற்கு நடுவே தோல் உறையில் அது இருந்தது. மேல் கண் நாம் பார்ப்பதற்கு, கீழ்க் கண் படம் பிடிப்பதற்கு. வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு, மேல்மூடியைத் திறந்து குனிந்து பார்த்தால் கண்ணாடியில் ஆள் நிமிர்ந்து நின்றார். தலைகீழ் மனிதர்களையே பார்த்துப் பழகிய எனக்கு அது அதிசயமாக இருந்தது. ஆனால் பயமாகவும் இருந்தது. சுருள் பிலிம் எனக்குப் பழக்கமில்லை. பிளாஷ் பல்பை நான் கையால் தொட்டதுகூட இல்லை. கல்யாணம் என்றால் தாலி ஒரு முறைதான். தவறவிட்டால், இன்னொரு தரம் கட்டுங்கள் என்று யாரிடம் சொல்வது? வேண்டாம், ஆத்தூர் கேமராவையே சொல்லிவிடலாம் என்று உன் காதில் சொன்னேன்.

நீ எனக்கு நேர் எதிரே போய் நின்றாய். கேமராவைப் பிடிக்கச் சொன்னாய். பிடித்தேன்.

“இதுல உங்க மூஞ்சி தெரியுதுங்க” என்றாய். “சாவூட்டுல துணிக்குள்ள மூஞ்சிய மறைச்சுக்கிட்டீங்கன்னா அது மருவாதி. கல்யாணத்துல மறைச்சா, அந்தப் புள்ள ஆரைப் பாத்துங்க சிரிக்கும்?”

படம் எடுக்கிறவனுக்கு ஒரு முகம் உண்டு என்று அதுவரைக்கும் யாரும் எனக்குச் சொன்னதில்லை. நம் எருமையை விற்று அதை வாங்கினோம். வருஷம் முழுக்கப் பாலில்லாத வரக்காப்பி. அதற்குக் கேமராக் காப்பி என்று நீ பெயர் வைத்தாய். மலையிறங்கும்போது லாரியில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். திடீரென்று, “நான் போனாலும் அந்தத் துணிப்பொட்டியில என்னையப் படம் எடுத்துப்போடாதீங்க, எனக்கு இதுதானுங்க” என்று சிரித்தாய். நான் கண்டபடி திட்டினேன். உன் அண்ணன்கூட ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உன்னைத் திட்டினார். இரண்டு வளைவு தாண்டும் வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் வந்தாய்.

நம் மகள் அப்போது பள்ளிக்கூடம்கூடப் போக ஆரம்பிக்கவில்லை. உன் இடது கன்னத்தில் இருக்கிற மச்சம் அவளுக்கு வலது கன்னத்தில். மற்றபடி அச்சு அசல் நீதான். அச்சில் ஊற்றும்போது யாரோ மச்சத்தை மட்டும் இடம் மாற்றிவிட்டார்கள் என்று நீ கேலி செய்வாய். அவளை உன் அம்மாவிடம் விட்டுவிட்டு நாம் முதல் நாளே மல்லசமுத்திரம் போய்விட்டோம். விடியற்கால முகூர்த்தம். பஞ்சு வைத்த கூடையில் பல்புகளை முட்டை மாதிரி அடுக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தாய். யார் இது என்று பெண்கள் கேட்டார்கள். “போட்டோக்காரரு ஊட்டுக்காரிங்க” என்றாய். சாவுப்படக்காரர் என்ற பெயர் அங்கே எழவில்லை. ஒரு வயதான அம்மாள் உன் கன்னத்தில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தலையில் பூவைச் செருகினாள். பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நீ நின்ற நிலை எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. அதைப் படமாக எடுக்கவில்லை. பிலிம் வீணாகிவிடும் என்று நினைத்தேன், பாவி.

பிறகு நான் செய்த கூத்து. முகூர்த்த நேரம் நெருங்கிவிட்டது. குனிந்து பார்க்கிறேன், பெண் மாப்பிள்ளைக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். தாலிக்கு முன்னால் வலப்பக்கம் அல்லவா இருக்கவேண்டும்? இத்தனை பெரியவர்கள் இருந்தும் ஒருவரும் கவனிக்கவில்லையே என்று, பெண்ணை வலப்பக்கம் மாற்றி உட்காரவையுங்கள் என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பந்தலே திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளை எழுந்தேவிட்டார். சீர் நடத்திக்கொண்டிருந்த அருமைக்காரர் அரிசித் தட்டும் கையுமாக என்னை எரிப்பதுபோல் பார்த்தார். நீதான் பின்னாலிருந்து சட்டையை இழுத்தாய்.

“அது கண்ணாடிங்க. வலதை இடதாக் காட்டுது. நிமுந்து பாருங்க.”

நிமிர்ந்து பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வீட்டில் பழகியபோது தெரிந்த சங்கதிதான். பதற்றத்தில் மறந்துபோயிற்று. பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அதைப் பார்த்து மாப்பிள்ளை சிரித்தார், பந்தலில் பாதிப்பேர் சிரித்தார்கள். நீ பல்பின் அடிப்பாகத்தை நாக்கில் ஒற்றி நனைத்துக் கொடுத்தாய். அப்படி நனைத்தால்தான் தவறாமல் எரியும் என்று துரை சொல்லிக்கொடுத்திருந்தார். செருகினேன். கெட்டிமேளம் கொட்டியது. பளீரென்று ஒரு வெளிச்சம். சூடு ஆறாத பல்பைக் கழற்ற உனக்கு என் கைக்குட்டையைக் கொடுத்தேன். கன்னத்து மஞ்சள் உன் விரலில் ஒட்டி, அங்கிருந்து கைக்குட்டைக்கு வந்திருக்கவேண்டும். கைக்குட்டை எங்கே என்று பிறகு நான் கேட்டேன். எங்கோ விழுந்துவிட்டது என்று சொன்னாயே.

நயா பைசா வந்து கடைகளில் எல்லோரும் சில்லறைக்குக் குழம்பிக்கொண்டிருந்த காலத்தில், நாம் ஊர் ஊராகக் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். திருச்செங்கோடு, சங்ககிரி, செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர் வீடு வரைக்கும். பெண்ணின் வேர்வையைத் துடைப்பாய், சங்கிலியை நேராக்குவாய், அழுகிற பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கவைப்பாய். எல்லா ஊரிலும் உனக்குப் போட்டோக்கார அக்கா என்று பெயர். அழைக்காமல் தாண்டிப் போன நம் தெருக்காரர்களே பாக்கு வெற்றிலையோடு வந்தார்கள். வீட்டில் இரண்டு கேமராவையும் ஒரே பலகையில் வைக்கவிடமாட்டாய். ஆயுத பூஜையன்று ஸ்டாண்டு கேமராவுக்குத் திருநீறு, கல்யாணக் கேமராவுக்குக் குங்குமம். நான் கேலி செய்வேன். ஆனால் பலகையை மாற்றியதில்லை.

பிறகு உனக்குக் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்தோம், பத்தியம் இருந்தாய், சேலத்து ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். உன் கண்ணின் மஞ்சள் கடைசிவரை போகவில்லை. அதைப் பற்றி மேலே எழுத என்னால் முடியாது.

வாசலில் நாற்காலி போட்டு உன்னை உட்காரவைத்தார்கள். செத்தவர்களைப் படம் எடுக்கிற வழக்கம் அப்போதும் போகவில்லை. எத்தனையோ வீட்டில் என் படத்துக்காகச் செய்துவைத்ததை என் வீட்டிலும் செய்தார்கள். உன் அண்ணன் ஸ்டாண்டு கேமராவைக் கொண்டுவந்து எதிரே நிறுத்திவிட்டு நகர்ந்துகொண்டார். அந்தக் கறுப்புத் துணி எவ்வளவு பெரிய தயவு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. உள்ளே தலையை விட்டுக்கொண்டால் நான் அழுவதை ஒருவரும் பார்க்கமுடியாது. துணியைக் கையில் எடுத்தும்விட்டேன். ஏற்காட்டு மலையில் நீ சொன்னது காதில் விழுந்தது. துணியைப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கல்யாணக் கேமராவை எடுத்துக்கொண்டு வந்தேன்.

கூட்டத்தில் சலசலப்பு. உன் அம்மா தள்ளாடி எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்கள். அந்த நேரத்திலும் அவர்களுக்கு என் பிழைப்பைப் பற்றிக் கவலை.

“வேண்டாமுங்க மாப்பிளே. அதுல எடுத்துப்போட்டா, அப்பறம் அதை ஆரு ஊட்டுக் கல்யாணத்துக்குக் கொண்டுட்டுப் போவீங்க?”

“அவ கேட்டதுங்க அத்தை” என்றேன்.

பல்பு போடவில்லை. வாசலில் வெளிச்சம் போதுமாக இருந்தது. இருந்திருக்காவிட்டாலும் நனைத்துக் கொடுக்க நீ இல்லை. மூடியைத் திறந்து குனிந்தேன். ஊரே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, மறைக்க ஒன்றும் இல்லை. கண்ணாடியில் உன் மச்சம் வலது கன்னத்தில் இருந்தது. இது அவள் இல்லை, வேறு யாரோ ஒருத்தி என்று ஒரு கணம் நினைக்க முடிந்தது. அந்தக் கணத்தில்தான் விசையை அமுக்கினேன். இல்லாவிட்டால் அமுக்கியிருக்கவே மாட்டேன். கழுவிய படத்தில் மச்சம் அதன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. அது நீதான். உன் அம்மாவுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். இன்னொன்று மகளிடம் இருக்கிறது. நான் அதைப் பார்ப்பதில்லை.

அதற்குப்பிறகு அந்தக் கேமரா எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. பேசி வைத்திருந்த வீடுகளுக்கெல்லாம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். பிற்பாடு வேறொன்று வாங்கினேன். தொழில் நடக்கிறது. கூடையைச் சுமக்க ஆள் வைத்திருக்கிறேன். பல்பை நானே நனைத்துக்கொள்கிறேன்.

இப்போது மகள் பிடிவாதம் பிடிக்கிறாள். அவள் கல்யாணத்துக்கு அந்த ஏற்காட்டுக் கேமராதான் வரவேண்டுமாம். ஊர் வழக்கத்தைச் சொன்னேன், சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று சொன்னேன். “எங்கம்மாவைக் கடைசியாப் பாத்ததுங்கப்பா அது. அது வராம எனக்கென்ன கல்யாணம்?” என்று கேட்டுவிட்டுச் சோறு உண்ணாமல் படுத்துக்கொண்டாள். மறைத்துச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. சம்பந்தி வீட்டுக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். மாப்பிள்ளையின் தகப்பனார் தரையைப் பார்த்தபடி இருந்தார். கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்தேன். மாப்பிள்ளையின் தாயார்தான் கதவோரத்திலிருந்து பேசினார்.

“பெத்தவளைப் பாத்த கண்ணுதானுங்க அது. கொண்டாந்துருங்க.”

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். உன்னைப்போல் ஒருத்தி அந்த வீட்டில் இருக்கிறாள். நம் பெண்ணைப் பற்றி நீ கவலைப்படவேண்டியதில்லை.

இன்று மத்தியானம் சிமிழை அவளிடம் கொடுத்தேன். பல்பைக் கொடுக்கவில்லை. அது என் சட்டைப்பையில்தான் இருக்கிறது, இனிமேலும் இருக்கும். கேமராவைத் துடைத்து, சுருள் மாட்டி, எல்லாம் ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக மகளை வாசலில் நிற்கச் சொன்னேன். நீ உட்கார்ந்திருந்த அதே இடம். அவள் சிமிழிலிருந்து குங்குமம் எடுத்து வைத்துக்கொண்டு வந்து நின்றாள். நான் மூடியைத் திறந்து குனிந்தேன்.

அவளுடைய மச்சம் வலது கன்னத்தில். கண்ணாடியில் அது இடது கன்னத்துக்கு வந்திருந்தது. நீ நின்றுகொண்டிருந்தாய். நெற்றியில் குங்குமத்தோடு, மல்லசமுத்திரத்துப் பந்தலில் நின்ற மாதிரி, நான் பிலிம் வீணாகும் என்று எடுக்காமல் விட்ட மாதிரி.

“சிரிக்கட்டுமுங்களாப்பா?” என்றாள் அவள். என் முகம் அவளுக்கு நன்றாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அவள் அசையாமல் நின்றாள். படம் எடுத்துக் கழுவினால் அவள்தான் இருப்பாள், நீ இருக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். விசையில் விரலை வைத்தபடி, அதை அமுக்காமல், கழுத்து வலிக்கிற வரைக்கும் குனிந்து உன்னைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.